இளைப்பும் ஆறுதலும்

'இளைப்பு' என்ற சொல்லைத் தமிழில் பல பொருளில் வழங்குகிறோம். உடல் மெலிந்தவரை இளைத்துவிட்டார் என்கிறோம். நெடுந்தூரம் நடந்து வந்தவர் திண்ணையில் அமர்ந்தால் இளைப்பாறுகிறார் என்கிறோம். சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆஸ்துமாவுக்கும் அதே சொல்தான். "பாப்பாவுக்கு இளைப்பு இருக்கு" என்று ஒரு தாய் சொன்னால், மழைக்காலத்து இரவுகளில் அந்த வீட்டில் யாரும் சரியாக உறங்குவதில்லை என்று பொருள்.

களைப்பினால் வரும் இளைப்பு உட்கார்ந்தால் ஆறும். இளைப்பாறுதல் என்ற சொல்லே அப்படித்தான் உண்டானது. நோயினால் வரும் இளைப்பு அவ்வாறு ஆறுவதில்லை. ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதால் மொழிக்கு நட்டமொன்றும் இல்லை. ஆனால் வகுப்பறையில் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையிடம் "கொஞ்ச நேரம் உட்காரு, சரியாயிடும்" என்று ஓர் ஆசிரியர் சொல்லும்போது, முதல் இளைப்புக்குரிய வைத்தியத்தை அவர் இரண்டாம் இளைப்புக்குத் தருகிறார். அவர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்வதில்லை. அவருக்குத் தெரிந்த இளைப்பு அது ஒன்றுதான்.

கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எனக்குச் சொற்களே தொழில். ஆஸ்துமா உள்ள ஒரு பெண்ணின் தாயாக, இந்த நோயைச் சுற்றியுள்ள சொற்களோடு பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த இரண்டு அனுபவங்களும் சந்திக்கும் இடத்திலிருந்து எழுதப்படுவது.

*

ஈளை, இரைப்பு, இழுப்பு, மூச்சுமுட்டு, சுவாசகாசம் என்று இந்த நோய்க்குத் தமிழில் பெயர்கள் நிறைய உண்டு. இவற்றுள் 'காசம்' என்பது இருமலைக் குறிக்கும் சொல். காசநோய் என்பது டி.பி.க்கு நிலைத்துவிட்ட பிறகு சுவாசகாசம் என்ற பெயர் ஒரு தொல்லையாகிவிட்டது. எங்கள் தெருவில் முதிய அம்மையார் ஒருவர் என் மகளின் நோய்ப் பெயரைக் கேட்டதும் தம் பேரனைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார். டி.பி. தொற்றுநோய். ஆஸ்துமா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. இந்த வேறுபாட்டை எத்தனை முறை விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை.

இப்போது எல்லாரும் சொல்வது 'வீசிங்'. இந்த ஆங்கிலச் சொல் நம்மிடம் வந்து ஒரு புதிய வேலையைச் செய்கிறது. பெற்றோர் மருத்துவரிடம் "வீசிங்தானே சார், ஆஸ்துமா இல்லையே?" என்று கேட்பதை மருத்துவமனை வரிசைகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மூச்சில் எழும் சீழ்க்கை ஒலிக்குத்தான் வீசிங் என்று பெயர். அது ஓர் அறிகுறி. நோயின் பெயரைச் சொல்லக் கூசும் வீடுகளில் அறிகுறியின் பெயரே நோயின் பெயராகிவிடுகிறது. பெண் குழந்தையாக இருந்தால் இருபது வருடம் கழித்து வரப்போகும் சம்பந்தத்தை நினைத்து இன்றே அஞ்சுகிறார்கள். விளைவு, பள்ளியில் சேர்க்கும்போது நிரப்பித் தரும் படிவத்தில் 'உடல்நலக் குறைவு ஏதேனும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். பெயரிடப்படாத நோய் பள்ளிக்குத் தெரிவதில்லை. தெரியாத நோய்க்குப் பள்ளி எந்த ஏற்பாடும் செய்வதில்லை.

நோய் என்னவோ எளிதில் விளங்கக்கூடியதுதான். நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுபோகும் சிறு குழாய்களின் உட்சுவர் எப்போதும் சற்று வீங்கியே இருக்கிறது. புகை, தூசி, குளிர்காற்று, சளிக்காய்ச்சல், சில சமயம் வேகமான ஓட்டம் அல்லது பெருஞ்சிரிப்பு ஏதாவது ஒன்று தூண்டினால் குழாயைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, சளி பெருகுகிறது. காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதுதான் பெரும்பாடு. அதனால் மருந்தும் இரண்டு வகை. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும் சால்பியூட்டமால் பெரும்பாலும் நீல நிறக் குழலில் வருகிறது. வீக்கத்தை நாள்தோறும் மெல்லத் தணிக்கும் ஸ்டீராய்டு வேறு நிறக் குழலில் வருகிறது. நீலக் குழலை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நிவாரண மருந்தை மட்டும் தனியே கொடுக்கும் வழக்கத்தை, 'ஜினா' எனப்படும் உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுக் குழு 2019ஆம் ஆண்டில் கைவிட்டுவிட்டது. வீக்கம் தணிக்கும் மருந்து வீட்டில் காலையும் மாலையும் எடுத்துக்கொள்வது. பள்ளிக்குச் செல்ல வேண்டியது நீலக் குழல்.

*

நாங்கள் வசிப்பது முகப்பேரில். மகப்பேறு என்பதே முகப்பேர் என்று மருவியது என ஊரில் சொல்வார்கள். பிள்ளை வரம் வேண்டுவோர் வந்து வணங்கும் சந்தான சீனிவாசப் பெருமாள் கோயிலை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். சொற்பிறப்பியல்படி அது சரியா என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. ஊர்ப்பெயருக்கு மக்கள் தரும் பொருளுக்கும் ஒரு மதிப்பு உண்டு. பிள்ளைப் பேற்றைப் பெயராகக் கொண்டதாக நம்பப்படும் ஊரில் இன்று தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடங்கள். காலை எட்டு மணிக்குக் கிழக்கு முகப்பேரிலும் மேற்கு முகப்பேரிலும் வேன்களும் ஆட்டோக்களும் இருசக்கர வாகனங்களும் ஒன்றன் புகையை ஒன்று குடித்தபடி நிற்கின்றன.

வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து உருவாக்கிய குடியிருப்பு இது. வடக்கே 1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. மேற்கே நொளம்பூரை ஒட்டிப் புறவழிச்சாலையில் இரவு முழுவதும் லாரிகள். 2011இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்த பிறகு தனி வீடுகள் இடிபட்டு அடுக்ககங்களாக மாறும் வேகம் கூடிவிட்டது. எந்தத் தெருவிலும் ஒரு மணல் குவியலாவது இருக்கும். போகியன்று விடியலில் புகை மூட்டம். மார்கழிப் பனியில் அந்தப் புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு பல வீடுகளின் கீழ்ச்சுவர்களில் பூஞ்சை படர்ந்து, சுண்ணாம்பு அடித்தும் போகாமல் இருந்தது.

என் மகளின் நோய்க்கு இவற்றுள் எது காரணம் என்று விரல் நீட்ட முடியாது. என் மாமனாருக்கும் இளைப்பு இருந்தது. வீட்டுக்குள்ளேயே வேண்டிய மட்டும் தூண்டுகோல்கள் உண்டு. ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. அதைப் படித்த அன்றே எங்கள் வீட்டில் சுருள் நின்று வலை வந்தது. வெள்ளிக்கிழமை சாம்பிராணியை நிறுத்த அத்தையிடம் ஒரு வருடம் வாதாட வேண்டியிருந்தது.

வீட்டைச் சீர்படுத்துவது நம் கையில் இருக்கிறது. ஆனால் குழந்தை நாளில் ஏழெட்டு மணி நேரம் பள்ளியில் இருக்கிறாள். அங்கே சாக்குத்தூள், மழையில் நனைந்த சுவர், ஆண்டு விழாவுக்கு முந்தைய வாரம் அடித்த புதிய பெயிண்ட், ஆய்வகத்து ஆவி, பக்கத்துப் பெண்ணின் வாசனைத் தெளிப்பான் எல்லாம் இருக்கின்றன. நீலக் குழல் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

*

என் மகள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது, 2022 நவம்பரில், அவள் படித்த பள்ளியில் செல்போன் கொண்டுவருகிறார்களா என்று பைகளைச் சோதித்தார்கள். அவள் பையில் இருந்த குழலை எடுத்துக்கொண்டார்கள். மாணவர்கள் மருந்து எதையும் வைத்திருக்கக் கூடாது, அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. குழல் அலுவலக பீரோவுக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அன்று மாலை அவள் வீட்டில் சொன்னாள். மறுநாள் பள்ளிக்குத் தொலைபேசியில் பேசினேன். "கவலைப்படாதீங்க மேடம், பத்திரமா இருக்கு" என்றார்கள். நேரில் வந்து முதல்வரைப் பார்க்க நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அந்த நாள் வருவதற்கு முன்பே, மழை பெய்து ஓய்ந்த ஒரு பிற்பகலில், மூன்றாம் மாடி வகுப்பறையில் அவளுக்கு மூச்சு முட்டியது. ஆபிசுக்குப் போய் மருந்து வாங்கிக்கொள் என்று வகுப்பிலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். தனியாக. இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவளால் மேற்கொண்டு இறங்க முடியவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஆயாம்மா அவளைப் பார்த்து, "இன்னா கண்ணு, பேரு இன்னா?" என்று கேட்டிருக்கிறார். மகளால் பெயரின் முதற்பாதியைத்தான் சொல்ல முடிந்தது. "முழுப் பேரு சொல்ல முடியல இல்ல, இரு" என்று குடத்தை அப்படியே வைத்துவிட்டு, குழந்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, அங்கிருந்தே கீழ்நோக்கிக் கத்தினாராம். சாவி வைத்திருந்த எழுத்தர் வங்கிக்குப் போயிருந்தார். அவர் திரும்பிவந்து பீரோவைத் திறக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. மருந்து உள்ளே போனதும் அவள் தேறிவிட்டாள்.

பிற்பாடு அந்த ஆயாம்மாவைத் தேடிப்போய்ப் பார்த்தேன். பாடியில் குடியிருப்பவர். "எம் மவனுக்கும் இளைப்பு மேடம். படுக்க வெச்சா இன்னும் ஜாஸ்தியாவும். பேச சொல்லிப் பாத்தா தெரிஞ்சிரும், எவ்ளோ தூரம் போயிருக்குன்னு" என்றார்.

அவர் பட்டறிவால் சொன்னது மருத்துவ நூல்களில் இருக்கிறது. ஆஸ்துமாத் தாக்குதலின் கடுமையை மதிப்பிட மருத்துவர்கள் பார்ப்பவற்றுள் ஒன்று, நோயாளி ஒரே மூச்சில் எவ்வளவு பேசுகிறார் என்பது. முழு வாக்கியம் பேசினால் இலேசானது. துண்டு துண்டான தொடர்களாகப் பேசினால் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினால் அவசரம். இதைப் படித்தபோது தொல்காப்பியத்தின் பிறப்பியல் நினைவுக்கு வந்தது. எழுத்துகள் பிறக்கும் முறையைச் சொல்லவந்த அந்த இயல், உந்தியிலிருந்து எழும் காற்றில் தொடங்கி, தலை, மிடறு, நெஞ்சு என்று அது தங்கும் இடங்களைச் சொல்லிப் பிறகுதான் பல், இதழ், நாவுக்கு வருகிறது. ஒலிக்கு முதல் காற்று என்பதை எத்தனையோ ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறேன். வாக்கியம் தொடராகி, தொடர் சொல்லாகி, சொல் பாதியாவது என்ன என்பதை ஒரு படிக்கட்டில் நிகழ்ந்ததாகக் கேட்ட பிறகு அந்த இயலை முன்போல் நடத்த முடியவில்லை.

அதைவிட அஞ்ச வேண்டியது ஒன்றுண்டு. கடுமையான தாக்குதலில் சீழ்க்கை ஒலி நின்றுபோகலாம். காற்றே போகாத குழாயில் ஒலி எழாது. சத்தம் குறைந்துவிட்டது என்று ஆறுதல் கொள்ளும் நேரம் மிக ஆபத்தான நேரமாக இருக்கக்கூடும். "மூச்சு விடக் கூடாது" என்று வகுப்பை அமைதிப்படுத்தும் ஆசிரியர்கள் எல்லாரும், ஒரு குழந்தையின் அமைதி எப்போது நல்லது, எப்போது கெட்டது என்று அறிந்திருப்பது நல்லது.

*

முதல்வரைச் சந்தித்தபோது அவர் கடுமையாக எதுவும் சொல்லவில்லை. அவருடைய அச்சங்கள் உண்மையானவை. மற்றப் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிட்டால்? தவறான நேரத்தில் போட்டுக்கொண்டு ஏதேனும் ஆகிவிட்டால்? பொறுப்பு யாருடையது? நோயில்லாத பிள்ளை அந்த மருந்தை இரண்டொரு முறை உறிஞ்சிவிட்டால் கை சற்று நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சிறிது நேரத்தில் அடங்கிவிடும். வேண்டிய பிள்ளைக்கு வேண்டிய நேரத்தில் கிடைக்காவிட்டால் நேர்வது அப்படி அடங்கக்கூடியதன்று. இரண்டு அபாயங்களும் ஒரே எடை உள்ளவை அல்ல என்பதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அவரிடம் கனடாவில் நடந்ததையும் சொன்னேன். ஒண்டாரியோ மாகாணத்தில் 2012 அக்டோபரில் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ரயன் கிப்பன்ஸ் பள்ளி இடைவேளையின்போது ஆஸ்துமா தாக்கி இறந்துபோனான். அவனுடைய குழல் பள்ளி அலுவலகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தது. அங்கும் அது விதிதான். அவனுடைய தாய் சட்டமன்றம் வரை போராடினார். 2015இல் 'ரயன் சட்டம்' நிறைவேறியது. பெற்றோர் இசைவுடன் மாணவர் தம் குழலைத் தம்மிடமே வைத்திருக்கப் பள்ளி அனுமதித்தாக வேண்டும், ஒவ்வொரு பள்ளி வாரியத்துக்கும் ஆஸ்துமா பற்றிய நடைமுறை இருக்க வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவில் 2004இலேயே, மாணவர் தம் மருந்தை உடன் வைத்திருக்க அனுமதிக்கும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை தரும் சட்டம் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 2014 அக்டோபர் முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே அவசரத்துக்கென ஒரு குழலை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்வதற்கில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளுக்கு வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. அவர்கள் தேடும் முப்பது குறைபாடுகளின் பட்டியலில் மூச்சுக்குழல் இறுக்க நோயும் ஒன்று. இதைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த வரியையும் படித்தேன். திட்டம் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் உரியது. முகப்பேரில் கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகள் அதற்கு வெளியே. அரசுப் பள்ளியிலும் பரிசோதனை நோயைக் கண்டுபிடித்துத் தரும். கண்டுபிடித்த பிறகு மருந்து பையிலா பீரோவிலா என்பது ஒவ்வொரு பள்ளியின், பெரும்பாலும் ஒவ்வொரு ஆசிரியரின், மனப்போக்கைப் பொறுத்தே இருக்கிறது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 விழுக்காட்டினர் இந்தியர் என்றும், ஆஸ்துமா மரணங்களிலோ 40 விழுக்காட்டுக்கு மேல் இங்கே நிகழ்கின்றன என்றும் 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீடு கூறுகிறது. நோய் இங்கே கொடியதாக இருப்பதால் அப்படி என்று எனக்குத் தோன்றவில்லை. மருந்துக்கும் நோயாளிக்கும் இடையே உள்ள தூரம் இங்கே அதிகம்.

*

அந்தத் தூரத்தின் பாதியைப் பள்ளி உண்டாக்குகிறது என்றால் மறுபாதியை வீடு உண்டாக்குகிறது. "பஃப் பழக்கினா அப்புறம் விடவே முடியாது", "அது கடைசி மருந்து, இப்பவே எதுக்கு?" என்ற பேச்சு படித்தவர் வீடுகளிலும் உண்டு. குழலுக்கு அஞ்சி மாத்திரையையும் பாகு மருந்தையும் கொடுப்பார்கள். ஒருமுறை குழலை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். அதே மருந்தின் சிறிய மாத்திரையில் 2 மில்லிகிராம் இருக்கிறது. அதாவது இருபது அழுத்தல்கள். அதுவும் வயிற்றுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதும் சுற்றித்தான் நுரையீரலுக்கு வரவேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் அத்தை சம்மதித்தார்.

அத்தைக்கு வேறொரு நம்பிக்கையும் இருந்தது. ஆண்டுதோறும் ஜூன் மாதம் மிருகசீரிடக் கார்த்தியன்று ஐதராபாத்தில் பத்தினி கௌடு குடும்பத்தார் தரும் மீன் மருந்து. உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்வார்கள். 1845 முதல் இலவசமாகத் தருவதாக அந்தக் குடும்பம் சொல்கிறது. ரயில் ஏறிப் போகும் தமிழர்களும் உண்டு. அது பலன் தரும் என்பதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆனால் அந்த வரிசையில் நிற்கும் தாயைப் பார்த்துச் சிரிக்க என்னால் இயலாது. மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையை இரவெல்லாம் மடியில் நிமிர்த்தி வைத்திருந்தவர் எதை நம்பினாலும் அதன் பின்னால் இருப்பது அறியாமை மட்டுமில்லை. நம் மரபு மருந்துகளை ஒட்டுமொத்தமாகத் தள்ளவும் வேண்டியதில்லை. சளியை இளக்க மருத்துவர்கள் எழுதித்தரும் புரோம்ஹெக்சின், ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற வேதிப்பொருளிலிருந்து வழிவந்ததுதான். ஆடாதோடைக் கஷாயம் காத்திருக்கும் நேரத்துக்கு நல்லது. படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த நேரம் இல்லை.

அந்தக் குழலே ஒரு குழந்தையின் கேள்வியிலிருந்து வந்தது என்பதைப் பலர் அறியார். 1955இல் அமெரிக்காவின் ரைக்கர் ஆய்வகத் தலைவர் ஜார்ஜ் மெய்சனிடம், ஆஸ்துமா உள்ள அவருடைய பதின்மூன்று வயது மகள், தலைமுடிக்குத் தெளிக்கும் மருந்தைப் போல் தன் மருந்தையும் ஒரு புட்டியில் அடைத்துத் தர முடியாதா என்று கேட்டாள். அதுவரை குமிழை அமுக்கித் தெளிக்கும் கண்ணாடிக் கருவிதான் இருந்தது. உடையக்கூடியது, பையில் போட்டுக்கொள்ள முடியாதது. அடுத்த ஆண்டே, 1956இல், அளவாகத் தெளிக்கும் குழல் சந்தைக்கு வந்தது. ஒரு சிறுமி தன் கூடவே கொண்டுபோகக் கேட்ட பொருளை நாம் பீரோவில் பூட்டுகிறோம்.

*

பள்ளிகள் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் கற்பிக்கும் முதலுதவி முறை நான்கு என்ற எண்ணைச் சுற்றியது. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தனியே விடாமல், நீலக் குழலிலிருந்து நான்கு அழுத்தல்களை ஒவ்வொன்றாக ஸ்பேசர் வழியே கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூச்சு. பிறகு நான்கு நிமிடம் காத்திருக்க வேண்டும். தேறவில்லை என்றால் ஆம்புலன்சை அழைத்துவிட்டு, அது வரும்வரை மறுபடியும் அவ்வாறே கொடுக்க வேண்டும். நம் ஊரில் 108. அந்தந்தக் குழந்தையின் மருத்துவர் வேறுவிதமாக எழுதித் தந்திருந்தால் அதன்படி செய்ய வேண்டும். ஸ்பேசர் என்பது குழலுக்கும் வாய்க்கும் இடையில் வைக்கும் கூடு. அது இல்லாவிட்டால் மருந்தின் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். 500 மில்லி பிளாஸ்டிக் புட்டியின் அடியில் குழல் வாய் அளவுக்குத் துளையிட்டுச் செய்த கூடு, கடையில் விற்கும் ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்தது என்று தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1999இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். எந்தப் பள்ளியும் செலவைக் காரணம் காட்ட இடமில்லை.

விளையாட்டு வகுப்பை முற்றிலும் தவிர்ப்பதும் வேண்டாதது. நோய் கட்டுக்குள் இருந்தால், முன்கூட்டி உடலைச் சூடேற்றிக்கொண்டு எல்லா விளையாட்டும் ஆடலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஏழு போட்டிகள் கொண்ட ஹெப்டத்லானில் 7291 புள்ளிகள் எடுத்து ஜாக்கி ஜாய்னர்-கெர்சி படைத்த உலக சாதனை பல பத்தாண்டுகளாக முறியடிக்கப்படாமல் நின்றது. அவர் ஆஸ்துமா நோயாளி. ஓரத்தில் உட்காரவைக்கப்படும் பிள்ளை தன் நோயை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. தொற்றுக்காலம் முடிந்து பள்ளிகள் திறந்தபோது இருமினாலே எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என் மகள் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு இருமலை விழுங்கப் பழகியது அப்போதுதான். முழு வருகைக்குப் பரிசு தரும் வழக்கமும் இப்படிப்பட்டதே. நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு மூன்று நாள் படுக்கையில் கிடக்க நேரும் பிள்ளை அந்தப் பரிசுக்காக மூச்சை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கும். அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான்.

எங்கள் விஷயம் ஒருவாறு முடிந்தது. மருத்துவரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தோம். ஒரு குழல் மகளின் பையில், இன்னொன்று வகுப்பாசிரியரின் மேசையில் என்று முதல்வர் ஒப்புக்கொண்டார். மூச்சு முட்டும் பிள்ளையை எங்கும் தனியே அனுப்பக் கூடாது, மருந்துதான் பிள்ளையைத் தேடி வரவேண்டும் என்பதையும் ஏற்றார். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் நானே தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆங்கிலப் படிவங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. ஆனால் படிக்கட்டில் முதலில் வந்து சேர்பவர் ஆயாம்மாவாகவோ வேன் ஓட்டுநராகவோ காவலாளியாகவோ இருக்கலாம். அவருக்குப் புரியும் மொழியில் இருந்தால்தான் அது பயன்படும். 'மூச்சுக்குழல் இறுக்கம்' என்று எழுதி அடித்துவிட்டு 'இளைப்பு' என்றே எழுதினேன். பெயர், வகுப்பு, எதனால் வரும், வந்தால் எப்படித் தெரியும், என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும். 'முழுப் பெயரைச் சொல்லச் சொல்லிப் பாருங்கள்' என்ற வரி அந்த ஆயாம்மா தந்தது.

ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும்போது அந்தத் தாளைப் புதிதாக எழுத வேண்டியிருக்கிறது. வகுப்பாசிரியர் மாறுகிறார், மாடி மாறுகிறது, சில சமயம் மருந்தும் மாறுகிறது. குழலில் பெரும்பாலும் 200 அழுத்தல்கள். எண்ணிக்கைக் காட்டி இல்லாத குழலானால், எத்தனை ஆயிற்று என்று எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். குலுக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. காலாவதித் தேதியையும் பார்க்க வேண்டும். இப்போது என் மகள் அந்தத் தாளைத் தன் கையெழுத்தில் தானே எழுதுகிறாள். சென்ற முறை கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'பயப்பட வேண்டாம், எனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியும், பக்கத்தில் இருந்தால் போதும்.'